முந்நூற்று நாற்பத்தேழில் ஆரம்பித்த புத்தகம்

பில் புத்தகம் அடிக்க வருகிறவர்களில், ஒன்றாம் நம்பரிலிருந்து அடியுங்கள் என்று சொன்னவனை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நேற்று வேலையை விட்டவன் நூற்றொன்றில் ஆரம்பிப்பான். கொஞ்சம் வாய் நீளமானவன் ஐந்நூற்றொன்று என்பான். குடிதண்ணீர் கேன் போடுகிற ஒருத்தன் பத்தாயிரத்திலிருந்து போடச் சொன்னான். அவனிடம் இருந்ததே ஒரு சைக்கிளும் எட்டு கேனும்தான். எனக்கென்ன வந்தது? நம்பர் மெஷினின் சக்கரத்தைக் குண்டூசியால் நெம்பினால் எந்த நம்பர் வேண்டுமானாலும் வரும். மெஷினுக்கு வெட்கம் கிடையாது. அதை அடித்து வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் கிடையாது.

என் அச்சகம் ஒரு ஆள் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு அச்சு மெஷின், ஒரு காகிதம் வெட்டும் மெஷின், கட்டுக் கட்டாகக் காகிதம், மண்ணெண்ணெய் வாடை. இதற்கு மேல் மாடியில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அவன் ஆறு வருஷம் ஒரு ஏஜென்சியில் கூலிக்கு இருந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டான். வேலை அவனுடையது, ஒப்பந்தம் ஏஜென்சிக்காரனுடையது. ஆஸ்பத்திரி கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு இவன் கைக்கு வரும். அந்த ஏஜென்சிக்காரனுக்கு லிஃப்டில் ஏறத் தெரியும், எட்டாம் பொத்தானை அமுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் மெக்கானிக் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான். கூடவே அவன் மச்சினன். இந்த மச்சினனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கிறவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை; தனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும்தான் தெரியாது.

"அண்ணே, ஏஜென்சிக்கு முழுக்குப் போட்டாச்சு" என்றான் மெக்கானிக். "ஆஸ்பத்திரியில நேரடியா எனக்கே கான்ட்ராக்ட் குடுக்குறாங்க. பில் புத்தகம் வேணும். ஒண்ணு போதும்."

"சந்தோஷம் தம்பி. எந்த நம்பர்லேருந்து?"

"ஒண்ணுலேருந்துதானே ஆரம்பிக்கணும்?"

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தன் அப்படிக் கேட்டான். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மச்சினன் பாய்ந்துவிட்டான்.

"மாமா, மானத்த வாங்காதீங்க. ஒண்ணாம் நம்பர் பில்ல கொண்டுபோய் நீட்டினா அக்கவுண்ட்ஸ்ல என்ன நினைப்பான்? கத்துக்குட்டின்னு நினைப்பான். காசைப் பாதியாக் குறைப்பான்."

"அப்ப நூத்தொண்ணு போட்டுக்கலாமா மாப்ள?"

"நூத்தொண்ணு எல்லாரும் போடறது. பாத்ததும் தெரிஞ்சிடும். முழு நம்பரே கூடாது. நெசமாத் தெரியணும்னா சில்லறை நம்பரா இருக்கணும்." கண்ணை மூடி யோசித்தான். "முந்நூத்து நாப்பத்தேழு. எழுதிக்குங்கண்ணே."

மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முந்நூற்று நாற்பத்தாறு பில்களை நிஜமாகவே எழுதிக் களைத்தவனைப் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. இது வம்பில் முடியும் என்றும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வருகிறவனுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தால் அச்சகம் நடத்த முடியாது, ஆசிரமம்தான் நடத்தலாம்.

என் வேலை நோட்டை எடுத்து எழுதினேன். எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். நம்பர் போட்ட புத்தகம் எது அடித்தாலும், யாருக்கு, எந்த நம்பர் முதல் எந்த நம்பர் வரை என்று குறித்து வைப்போம். அடுத்த தடவை அதே ஆள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே. பழைய வாடிக்கை என்றால் அவனுடைய பழைய பில் ஒன்றை அந்தப் பக்கத்தில் ஒட்டுவோம். முதல் முறை அடிக்கிறவன் என்றால் ஒட்ட ஒன்றும் இருக்காது, 'புதுசு' என்று எழுதுவோம். நான் எழுதினேன்: மாடிவீட்டு லிஃப்ட், புத்தகம் ஒன்று, 347 முதல் 396 வரை, புதுசு.

அந்த நேரம் மெக்கானிக்கின் மனைவி வேலைக்குப் போக இறங்கி வந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கையில் மடித்து வைத்திருப்பாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"முந்நூத்து நாப்பத்தேழா? அதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் எங்க?"

"அக்கா, இது பிசினஸ். உனக்குப் புரியாது" என்றான் தம்பி.

"நான் ஒரு நாளைக்கு இருநூறு பில்லு போடறேன்டா."

"அது அடுத்தவன் பில்லு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அச்சுக் கூலியை அவன் கொடுத்தான், நான் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். அவன் பில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவன் நடையே மாறிவிட்டது. விசிட்டிங் கார்டில் புரொப்ரைட்டர் என்று போட்டுக்கொண்டான். தெருவில் எல்லாரும் அவனைப் புரொப்ரைட்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் கேலியாகச் சொன்னார்கள், அவன் மரியாதையாக வாங்கிக்கொண்டான். ஆனால் ஒன்று, வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறைக்குள் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பான். எந்தத் தளத்துக் கதவு இழுக்கிறது, பிரேக் கட்டை எத்தனை நாள் தாங்கும் என்று காதால் சொல்லிவிடுவான். இப்படிக் காது உள்ளவனுக்கு மச்சினன் பேச்சில் இருக்கிற ஓட்டைச் சத்தம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத ரகசியம்.

ஒப்பந்தம் பதினொரு பக்கம். இவன் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தான், கையெழுத்துப் போடும் இடம் அங்கேதான் இருந்தது. வரிக் கணக்கு கொடுக்கும் பொறுப்பை மச்சினன் ஏற்றுக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் பன்னும் ஒரு கையில் செல்போனுமாக, பன் தீர்வதற்குள் ஒரு வருஷத்துக் கணக்கை அனுப்பி முடித்தான். முதல் வருஷம் மொத்தம் பதினொரு பில். 347 முதல் 357 வரை. அதை அப்படியே, நம்பரோடு, ஒன்று விடாமல் எழுதி அனுப்பியிருந்தான். பொய்யை உண்மையாகவே எழுதி அனுப்பிய மகான்.

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது மழைக்காலம் ஆரம்பித்த வாரம்.

மத்தியானம் அவள் கடைக்குள் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கடிதத்தை என் முன்னால் வைத்தாள். 347 முதல் 357 வரையிலான பில்கள் கணக்கில் காட்டப்பட்டுள்ளன. 1 முதல் 346 வரையிலான பில்கள் மூலம் ஈட்டிய வருமானத்தை மறைத்ததாக ஏன் கருதக் கூடாது? பதினைந்து நாட்களுக்குள் ஆதாரத்துடன் நேரில் விளக்கம் தரவும். கீழே ஒரு கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி.

"அண்ணே, அவர் மேல படுத்துக்கிட்டிருக்கார். சாப்பிடல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்கார்."

"புரொப்ரைட்டர் இல்லையாம்மா, அப்படித்தான் படுப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில ஒண்ணாந்தேதி கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். வரி பாக்கி எதுவும் இல்லைன்னு சர்டிபிகேட் வெச்சாத்தான் கையெழுத்தாம். இல்லைன்னா திரும்ப ஏஜென்சிக்கே குடுத்துடுவாங்க. அந்தாளு இப்பவே சொல்லி அனுப்பிட்டான், வந்தா சேத்துக்கறேன், பழைய கூலியில கொஞ்சம் குறைச்சுன்னு. அவன்கிட்ட திரும்பப் போனா இவரு மனுஷனா இருக்க மாட்டார்ணே."

"ம்."

"இந்த நம்பர் யாருண்ணே போட்டது?"

"மெஷின் போட்டதும்மா."

"மெஷினைத் திருப்பினது யாரு?"

நான் காகிதக் கட்டைத் தட்டி அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த கட்டுதான்.

"இதுதான் முதல் புத்தகம், இதுக்கு முன்னாடி எதுவும் அடிக்கலன்னு உங்க நோட்டுல இருக்குல்ல? 'புதுசு'ன்னு எழுதினீங்களே, நான் பாத்தேன். அந்தப் பக்கத்தைக் காமிச்சாப் போதும்ணே."

பில் போடுகிறவளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பழைய நோட்டெல்லாம் எங்க கெடக்கோம்மா. கரையான் அரிச்சிருக்கும். தேடிப் பாக்கறேன்."

நோட்டு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் இருந்தது. கரையான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நோட்டில் அவன் பக்கம் ஒன்றுதான். மற்ற பக்கங்களெல்லாம் என்னுடையவை. பத்தொன்பது வருஷத்தில் யார் யாருக்கு என்ன அடித்தேன் என்பது வரிசையாக இருக்கிறது. அதில் ஒரு வேலைக்கும் நான் பில் கொடுத்ததில்லை, ஒரு வருஷமும் வரி கட்டியதில்லை. ஊருக்கெல்லாம் பில் புத்தகம் அடித்துக் கொடுத்த எனக்குச் சொந்தமாக ஒரு பில் புத்தகம் கிடையாது. அந்த நோட்டை வரி அலுவலகத்துக்கு எடுத்துப் போவது, திருடன் தானே வழி கேட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்குச் சமம்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மழையில் நனைந்த குடையை என் காகிதக் கட்டின் மேலேயே சாய்த்து வைத்தான். மெக்கானிக்கும் கூட வந்து, சோர்ந்த முகத்தோடு வாசலில் நின்றான். அவளும் படியில் நின்றாள்.

"ஒண்ணும் பயப்பட வேணாம்" என்றான் மச்சினன். "கேக்கறது என்ன? ஒண்ணுலேருந்து முந்நூத்து நாப்பத்தாறு வரைக்கும் பில்லு எங்கன்னு கேக்கறான். அவ்வளவுதானே? குடுத்துடுவோம்."

"எதை?"

"அண்ணே, ஏழு புத்தகம் அடிங்க. ஒண்ணுலேருந்து முந்நூத்து நாப்பத்தாறு வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் குறுக்கால கோடு போட்டு 'ரத்து'ன்னு எழுதிடுவோம். பேப்பர் புதுசாத் தெரியும்ல, டீத்தண்ணியில நனைச்சுக் காய வெச்சா பழசாயிடும். வெயில் இல்ல, ஃபேன் காத்துல காயப் போடலாம்."

இவனை எந்த வைத்தியரிடம் காட்டுவது? முந்நூற்று நாற்பத்தாறு பில்லையும் வரிசையாக ரத்து செய்தவன் லிஃப்ட் மெக்கானிக்கா, பைத்தியக்காரனா என்று வரி அலுவலகத்தில் கேட்க மாட்டார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்த்தான்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"ஏழு புத்தகம்னா நாலு நாள் ஆகும். பேப்பர் விலை ஏறிப்போச்சு. பாதி முன்பணம் வேணும்."

சொல்லி முடித்ததும் என் வாயே எனக்கு நாறியது. அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். தம்பியின் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ கெளம்பு."

"அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"ஒரு பொய்க்கு ஒரு புத்தகம் அடிச்சோம். இப்ப அதுக்கு ஏழு புத்தகமா? அடுத்த வருஷம் எத்தனை அடிக்கணும்? வீட்டுக்குப் போ. பஸ்ஸுக்குக் காசு இருக்கா?"

"இருக்கு" என்றான். பிறகு, "இல்ல" என்றான். கொடுத்து அனுப்பினாள்.

புருஷனிடம் திரும்பினாள். "நீங்க நாளைக்கு ஏஜென்சிக்குப் போங்க. ஆறு வருஷம் அவன்கிட்ட கூலிக்கு இருந்தீங்க, அப்ப தனியா எந்த வேலையும் செய்யலன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கால்ல விழச் சொல்லல. லெட்டர் கேளுங்க, அவ்வளவுதான்."

"அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? போகும்போது என்னென்னவோ பேசிட்டுப் போனேனே."

"பேசினது நீங்கதானே? நீங்கதான் முழிக்கணும்."

என்னை அவள் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தருக்கு மருந்துச் சீட்டு அடித்ததைக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. மழை விடவில்லை. கீழ்த்தளத்தில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. லிஃப்ட் பெட்டி மேலே நின்றது. அடியில் இருக்கும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் மெக்கானிக் நின்று வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். கால்சட்டையைத் தொடை வரை சுருட்டியிருந்தான். பம்ப் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"காலையிலதான் எரிஞ்சு போச்சு. புதுசு வாங்கணும்னா அக்கவுண்ட்ஸ்ல மூணு கையெழுத்து வேணும். தண்ணி மூணு கையெழுத்து வரைக்கும் காத்திருக்குமாண்ணே? பெட்டியைத் தாங்கற இந்த ஸ்ப்ரிங் முங்கிட்டா லிஃப்டை நிறுத்தணும். நிறுத்தினா ஆபரேஷன் கேஸையெல்லாம் படியில தூக்கிட்டுப் போகணும்."

"ஒண்ணாந்தேதிக்கு மேல நீ இருப்பியோ மாட்டியோ. எதுக்கு இந்தக் கூத்து?"

"இன்னைக்குத் தேதி இருபத்தி மூணுதானேண்ணே."

இப்படிப்பட்ட முட்டாளிடம் என்ன பேசுவது? பக்கத்தில் இருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏஜென்சிக்குப் போனாயா என்று கேட்டேன்.

வாளியை நிறுத்தினான். "போனேன். ஏசி ரூம்ல உக்கார வெச்சான். டீ குடுத்தான். லெட்டர்தானே, குடுத்தாப் போச்சுன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு, எவ்வளவு நல்ல மனுஷனைத் திட்டிட்டோமேன்னு. அப்புறம் ரிஜிஸ்டரை எடுத்துட்டு வரச் சொன்னான். புரட்டினான். உன் பேரே இல்லையேப்பான்னான்."

"இல்லையா?"

"ஆறு வருஷமும் என் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லண்ணே. வவுச்சர்ல காசு குடுத்திருக்கான். லெட்டர் குடுத்தா ஆறு வருஷத்துக்கு எனக்குப் பி.எஃப். ஏன் கட்டலன்னு அவனைக் கேப்பாங்களாம். என் தலையில நானே மண்ணைப் போட்டுக்கச் சொல்றியான்னு சிரிச்சான். லெட்டர் எதுக்கு, பேசாம வந்து வேலையில சேருன்னான்."

சொல்லிவிட்டு மறுபடியும் மொண்டு ஊற்ற ஆரம்பித்தான். "அப்ப ஆறு வருஷம் நான் எங்கண்ணே இருந்தேன்? அங்கயும் பேரு இல்ல. இங்க இல்லாத பில்லுக்கு வரி கேக்கறாங்க."

நல்ல அயோக்கியன் அந்த ஏஜென்சிக்காரன், தன் தோல் தப்பினால் போதும் என்று ஒரு ஏழையை நட்டாற்றில் விடுகிறவன் என்று மனசுக்குள் ஆத்திரமாகத் திட்டிக்கொண்டே படியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அவன் ரிஜிஸ்டரைப் புரட்டியாவது பார்த்தான். நான் கரையான் என்று சொன்னேன்.

விசாரணை நாளன்று காலை அவர்கள் இருவரும் கிளம்பிப் போவதைக் கடையிலிருந்து பார்த்தேன். அவன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். அவள் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ஒற்றை பில் புத்தகத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "போயிட்டு வரோம்ணே" என்றாள். என்னிடம் அப்படிச் சொல்ல அவளுக்கு எந்த அவசியமும் இல்லை.

அரை மணி நேரம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மை கலந்தேன். நிறம் சரியாக வரவில்லை. நோட்டை எடுத்தேன். வைத்தேன். எதிர்வீட்டுக்காரன் என்னண்ணே தனியாப் பேசறீங்க என்றான். போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன். அப்புறம் நோட்டை ஒரு பாலிதீன் உறையில் சுற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடையைச் சாத்தினேன். தர்மம் நியாயம் என்று எதுவும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. மாடிவீட்டுக்காரி நாளைக்கு மறுபடியும் படியிறங்கி வருவாள், அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான்.

வரி அலுவலகத்தில் கூரை ஒழுகி, ஒழுகுகிற இடத்தில் ஒரு குப்பைக்கூடையை வைத்திருந்தார்கள். அதிகாரி ஐம்பது வயதுப் பெண். ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுலேருந்து ஆரம்பிக்காம எதுக்கு முந்நூத்து நாப்பத்தேழு?" என்றாள் அதிகாரி.

"பெருசாத் தெரியட்டும்னு மேடம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"ஆதாரம் இல்லாம நான் என்ன எழுதறது? ஆணவம்னு எழுதவா? அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே."

நான் தொண்டையைக் கனைத்தேன். மூன்று பேரும் திரும்பினார்கள். "புத்தகம் அடிச்சவன் நான்தாங்க" என்றேன். நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தேன். வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். பழைய வாடிக்கை என்றால் பழைய பில் ஒட்டியிருக்கும் என்று அடுத்த பக்கத்தையும் காட்டினேன். அவன் பக்கத்தில் ஒன்றும் ஒட்டவில்லை, 'புதுசு' மட்டும் இருந்தது. அதிகாரி தேதியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தின் தேதியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் நாலு நாள்.

"இது போதும்" என்றாள்.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டான். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். கரையான் அரித்த நோட்டு இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் சுட்டது.

அதிகாரி நோட்டை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கடுத்ததைத் திருப்பினாள். மூக்கைத் துடைத்தாள். பின்னால் போனாள், முதல் பக்கம் வரைக்கும் போனாள். குப்பைக்கூடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நிறைய வேலை செஞ்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"இவரோட ஃபைலை முடிக்க, இந்தப் புத்தகம் அடிச்சதுக்கு நீங்க குடுத்த பில்லோட நகல் வேணும்."

"பில்லு... குடுக்கலைங்க."

"சரி, இப்பக் குடுங்க. இன்னைக்குத் தேதி போட்டு, என்னிக்கு அடிச்சதுன்னு உள்ள எழுதிடுங்க. உங்க பில் இப்ப எந்த நம்பர்ல ஓடுது?"

நான் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்! கேன்காரனைப் பார்த்து, மச்சினனைப் பார்த்து, இந்த மெக்கானிக்கைப் பார்த்து. அவர்களாவது ஒரு நம்பர் வைத்திருந்தார்கள்.

"எனக்குப் புத்தகமே இல்லைங்க" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "அச்சகம் வெச்சிருக்கீங்கன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணி, மூன்றாம் நம்பர் அறை, நோட்டுடன்.

அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு நான் பில் புத்தகம் அடித்துக்கொண்டேன். காகிதம் வெட்டி, வெள்ளையும் ரோஸும் மாற்றி மாற்றி அடுக்கி, தைத்து, நம்பர் மெஷினைக் கையில் எடுத்தேன். குண்டூசியால் சக்கரத்தைத் திருப்பினேன். ஒன்றில் நிறுத்தினேன். ஐந்து சைபர், கடைசியில் ஒரு ஒன்று. பார்க்கச் சகிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் நாய் மாதிரி உழைத்தவனுடைய நம்பரா இது? விரல் தானாகவே போய்ச் சக்கரத்தை நெம்பியது. நூற்று ஐம்பத்தொன்று. நன்றாக இருந்தது. கண்ணியமாக இருந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் திருடன் மாதிரி பழையபடி ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

இருவரும் வந்தார்கள். அவள் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் பில்லை எழுதிக் கிழித்து நீட்டினேன். அவள் வாங்கி, மருந்துக்கடையில் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து, "சரியா இருக்குண்ணே" என்றாள்.

மெக்கானிக் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். காலையில் நாற்காலி நுனியில் வியர்த்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். முகம் சுளித்து, குரலைத் தாழ்த்தி, அக்கறையாகச் சொன்னான்:

"ஒண்ணாம் நம்பராண்ணே? பாக்கறவன் புதுக்கடைன்னு நினைச்சுக்குவானே. ஒரு நூத்தம்பதுலேருந்தாவது ஆரம்பிச்சிருக்கலாம்ல?"

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். டீயைக் குடித்தேன்.